ஹவுஸ் சர்ஜன் பிள்ளைங்களை விரட்டாதீங்க, பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்க ஆள் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் கடிதம் வந்திருந்துச்சு. ராத்திரி நேரத்துல கவர்மென்ட் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனா ஹவுஸ் சர்ஜன்னு சொல்ற பயிற்சி டாக்டருங்கதான் முன்னாடி நிக்கிறாங்க, ஏழைங்க உடம்புல இவங்க தொழில் பழகுறாங்க, இவங்களை காஷுவால்டிக்குள்ளயே விடக்கூடாதுன்னு எழுதியிருந்தாரு. அவரு கோவத்தை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டு ஆளு நெஞ்சைப் புடிச்சிக்கிட்டுக் கிடக்கும்போது எதுக்க நிக்கிறது மீசை கூட முளைக்காத பையன்னா யாருக்கும் பதறத்தான் செய்யும். ஆனா அவரு சொல்ற தீர்வு ரொம்பத் தப்பு, அதுவும் நம்ம ராமநாதபுரம் மாதிரி கடக்கரை ஜில்லாவுக்கு அது பெரிய ஆபத்து. நான் இந்த ஜில்லாவுலயும் வெளியூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் காஷுவால்டியில ஸ்டாஃப் நர்ஸா வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, ஹவுஸ் சர்ஜன் பிள்ளைங்க எப்படிக் கத்துக்கிறாங்க, எப்படிக் கத்துக்காமலே போறாங்கன்னு ரெண்டையும் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அதனால எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ராமேஸ்வரத்துலேர்ந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு 170 கிலோமீட்டர் பக்கம் வருது. பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரைன்னு 108-ல போய்ச் சேர மூணு மணி நேரம் ஆகும். தொண்டி, சாயல்குடி, ஏர்வாடி பக்கமும் தூரம் கம்மி இல்ல. அப்ப வழியில இருக்கிற ஜி.எச்.ல ராத்திரி டியூட்டியில யாரு இருக்காங்களோ அவங்க கையிலதான் உசுரு. அங்க இருக்கிறது யாரு? ரெண்டு வருஷம் மூணு வருஷம் முன்னாடி ஏதோ ஒரு மெடிக்கல் காலேஜ்ல ஹவுஸ் சர்ஜனா ஸ்டெத்தை மாட்டிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நின்ன அதே பையன், அதே பொண்ணுதான். அன்னைக்கு அவங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலேன்னா இன்னைக்கு நம்ம ஊர்ல தன்னந்தனியா நின்னு என்ன பண்ணுவாங்க? காஷுவால்டிக்குள்ள விடாதீங்கன்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

108 ஆம்புலன்ஸ் 2008-ல வந்துச்சு, இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்ல வந்து ஆக்சிடென்ட் கேஸுக்கு முதல் 48 மணி நேரம் காசு இல்லாம வைத்தியம்னு ஆச்சு, மாரடைப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் மாத்திரைங்களைக் குடுத்து அனுப்புற இதயம் காப்போம் 2023-ல வந்துச்சு. எல்லாம் நல்ல திட்டம், மனசார வரவேற்கிறேன். ஆனா இதெல்லாம் நோயாளியை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டாந்து விடும், உள்ள நிக்கிற ஆளுக்கு வேலை தெரிஞ்சாத்தானே மிச்சம் நடக்கும்.

இதுல கொடுமை என்னன்னா நாலரை வருஷம் படிச்சு முடிச்சு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனா இருக்கிறதுல காஷுவால்டிக்குன்னு விதிப்படி ஒதுக்கியிருக்கிறது ரெண்டே வாரம். ஒரு வருஷத்துல ரெண்டு வாரம்! அந்த ரெண்டு வாரத்துலயும் பல இடத்துல அவங்க என்ன பண்றாங்கன்னா ரத்த சாம்பிளை எடுத்துக்கிட்டு லேப்புக்கு ஓடுறது, ஏ.ஆர்.னு சொல்ற விபத்துப் பதிவு நோட்டுல என்ட்ரி போடுறது, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லேன்னா அதையும் தள்ளிட்டு எக்ஸ்ரே ரூம் வாசல்ல காத்துக் கிடக்கிறது. நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு பொண்ணு ரெண்டு வாரம் போஸ்டிங் முடிச்சிட்டுப் போகும்போது, சிஸ்டர் ஒரு பேஷண்டைக்கூட முழுசா நான் பாக்கலன்னு சொல்லிட்டுப் போச்சு, பாவம் அது கண்ணு கலங்கிருச்சு. அது சோம்பேறிப் பொண்ணு இல்ல, அந்த ரெண்டு வாரமும் உக்காரக்கூட இல்ல. அந்தப் பொண்ணு அடுத்து எந்த ஊர் ஜி.எச்.க்குப் போச்சோ தெரியாது.

சொல்லிக்குடுக்க நேரம் எங்க இருக்கு, ஒரே கூட்டமாக் கெடக்குன்னு சீனியர் டாக்டருங்க சொல்வாங்க. கூட்டம் உண்மைதான், திங்கக்கிழமை காலையிலயும் திருவிழா ராத்திரியிலயும் காஷுவால்டியில நிக்க இடம் இருக்காது. ஆனா நேரம் இல்லேங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா கூட்டத்துக்கு நடுவுலயே சொல்லிக்குடுத்தவங்களை நான் பாத்திருக்கேன்.

ஒரு நாள் விடியக்காலை, நாலு மணி இருக்கும். பத்துப் பன்னெண்டு வயசுப் பையனை அவங்க அம்மாவும் தாய்மாமனும் தூக்கிட்டு வந்தாங்க. வயித்து வலி, ரெண்டு வாந்தி. காய்ச்சல் இல்ல, பேதி இல்ல. ஹவுஸ் சர்ஜன் தம்பி வயித்தை அமுக்கிப் பாத்தான், மெத்துன்னு இருந்துச்சு, கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சின்னு சீட்டுல எழுதி அசிடிட்டி மருந்து பான்டாப்ரசோல் போடுங்க சிஸ்டர்னு என்கிட்ட நீட்டுனான். டியூட்டி டாக்டர் மேடம் பக்கத்து பெட்ல ஒரு பைக் ஆக்சிடென்ட்டுக்குத் தையல் போட்டு முடிச்சிட்டுக் கையைக் கழுவிக்கிட்டே, என்னன்னு நினைக்கிற தம்பின்னு கேட்டாங்க.

"கேஸ்ட்ரைட்டிஸ் மேடம்."

"எதை வச்சு சொல்ற?"

"வயித்து வலி, வாந்தி, வயிறு சாஃப்ட்டா இருக்கு மேடம்."

"சரி, வயித்தை நல்லாப் பாத்திருக்க. ராத்திரி பையன் எங்க படுத்திருந்தான்னு அவங்க அம்மாகிட்ட கேளு."

கேட்டான். ஓலைக் கொட்டாயில, தரையில பாய் விரிச்சுப் படுத்திருக்கான், பக்கத்துலயே கருவேலங்காடு. "இப்ப அவன் கண்ணைப் பாரு, மேல மோட்டையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லு"ன்னாங்க. பையன் மேல பாத்தான், கொஞ்ச நேரத்துலயே ரெண்டு இமையும் தன்னால கீழ இறங்குது, அவன் தூக்கத் தூக்க இறங்குது. "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லு"ன்னாங்க, பாதியிலயே மூச்சு விட்டுட்டான். தம்பி மூஞ்சி வெளுத்துப்போச்சு. கட்டுவிரியன் பாம்புக் கடி! மேடம் குரலை ஒசத்தவே இல்ல. கடிச்ச தடம் பல நேரம் இருக்காது தம்பி, வலியும் இருக்காது, தூக்கத்துல கடிச்சிட்டுப் போயிரும், விடியக்காலையில வயித்து வலின்னு வர்ற தரையில படுத்த பிள்ளையோட கண்ணு இமையைப் பாக்காம வீட்டுக்கு அனுப்பாத, அப்புறம் கண்ணாடிக் குழாய்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆடாம வச்சுப் பாக்குற டெஸ்ட் போடு, ஆனா அதுல ரத்தம் நல்லா உறைஞ்சிருச்சுன்னு கட்டுவிரியனை விட்றாத, உறையாமப் போறது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு, இது நரம்பைத்தான் புடிக்கும்னு சொல்லிக்கிட்டே பாம்பு விஷமுறிவு மருந்து ஏ.எஸ்.வி. பத்து குப்பி எடுங்க சிஸ்டர், கையால அமுக்கி மூச்சுக் குடுக்குற ஆம்பு பேக் தலைமாட்டுக்கு வரட்டும்னாங்க. பையனுக்கு அப்புறம் டியூப் போட வேண்டி வந்துச்சு, வெண்டிலேட்டர்ல கிடந்து பொழச்சு நடந்து வீட்டுக்குப் போனான்.

இதுல எவ்வளவு நேரம் போச்சு? ரெண்டு மூணு நிமிஷம். அந்த நேரமும் வீணாப் போகல, பையனைச் சோதிச்சதும் தம்பிக்குச் சொல்லிக்குடுத்ததும் ஒரே வேலையாத்தான் நடந்துச்சு. அதே இடத்துல வேற ஒரு சீனியரா இருந்தா சீட்டைப் புடுங்கித் தானே எழுதிட்டு, எத்தனை வருஷம்டா படிச்சன்னு அவங்க அம்மா முன்னாடியே கத்தியிருப்பாரு. பையன் அப்பவும் பொழச்சிருப்பான். ஆனா தம்பி கத்துக்கிட்டிருக்க மாட்டான், அடுத்த தடவை சந்தேகம் வந்தாக்கூட அந்த சீனியர்கிட்ட போய்க் கேக்கவும் மாட்டான். இதுதான் எனக்குப் பெரிய பயம். காஷுவால்டியில தெரியலன்னு வாயைத் தொறந்து சொல்ற ஜூனியரால பேஷண்ட்டுக்கு ஆபத்து கம்மி, திட்டு வாங்கிருவோம்னு பயந்து வாயை மூடிக்கிற ஜூனியர்தான் ஆபத்து. அவனை அப்படி ஆக்குறது நாமதான்.

அந்த மேடம் செஞ்சதுக்கு ஒரு முறை இருக்குங்கிறது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அமெரிக்காவுல குடும்ப மருத்துவம் சொல்லிக்குடுக்குற டாக்டருங்க 1992-லயே இதை எழுதி வச்சிருக்காங்க, ஒன் மினிட் ப்ரிசெப்டர்னு சொல்றாங்க. நீ என்ன நினைக்கிறன்னு முதல்ல ஒரு முடிவைச் சொல்ல வைக்கணும், அப்புறம் எதை வச்சு சொல்றன்னு கேக்கணும், எல்லா கேஸுக்கும் பொருந்துற மாதிரி ஒரு விதியைச் சொல்லிக்குடுக்கணும், செஞ்சதுல எது சரியோ அதை எடுத்துச் சொல்லணும், எது தப்போ அதைத் திருத்தணும். அவ்வளவுதான். ஸ்லைடு, கிளாஸ் ரூம் ஒண்ணும் வேணாம். முக்கியமானது முதல் கேள்விதான், ஏன்னா சீனியர் முந்திக்கிட்டு விடையைச் சொல்லிட்டா ஜூனியர் வெறும் எழுத்தர் ஆயிடுவான்.

நெஞ்சு வலிக்கும் இதேதான். பேஷண்ட் வந்து பத்து நிமிஷத்துக்குள்ள ஈ.சி.ஜி. எடுக்கணும்னு எல்லாப் பிள்ளைங்களுக்கும் புக்ல தெரியும். ஆனா சுகர் இருக்கிற ஒரு ஆச்சி நெஞ்சு வலியே சொல்லாம, ஒரே வேர்வையா இருக்கு, அசதியா இருக்கு, வாய்வுத் தொல்லைன்னு சொல்லிட்டு வரிசையில ஓரமா உக்காந்திருக்கும். அந்த ஆச்சிக்கு முதல்ல ஈ.சி.ஜி. எடுக்கணும்னு புக்கு தோள்ல தட்டிச் சொல்லாது, பக்கத்துல ஒரு ஆளு நின்னு சொல்லணும். கீழ்ப்பக்க மாரடைப்புன்னா நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சோட வலது பக்கமும் ஈ.சி.ஜி. லீடு (ஒயர்) போட்டுப் பாருங்கறதும் அப்படித்தான், அவசரத்துல மறந்துட்டா பி.பி. படுத்துரும்.

நம்ம கடக்கரைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு. தர்மபுரி, நாமக்கல், ஈரோடு பக்கம் பொறந்து வளந்து கடல் கேஸே பாக்காம வந்திருப்பாங்க. திருக்கை முள்ளு குத்தி ஒரு அண்ணன் வந்தாரு, நல்ல திடமான ஆளு, வலியில துடிக்கிறாரு, கட்டிலைப் புடிச்சுக் கத்துறாரு. தம்பி ஊசி மேல ஊசி போடுறான், கேக்கல. கூட வந்த வயசான மீனவர், யம்மா ஒரு வாளி வெந்நி வைங்கம்மா, கடல்லயா இருந்தா நாங்க இஞ்சின் தண்ணிய புடிச்சு ஊத்திருப்போம்னாரு. அது வெறும் கைவைத்தியம் இல்ல, வைத்தியப் புத்தகமும் அதைத்தான் சொல்லுது, 45 டிகிரி பக்கம் தாங்குற சூட்டுல காலை வச்சிருந்தா அந்த விஷத்தோட வீரியம் குறையும். ஆனா தண்ணியில முதல்ல நம்ம கையை விட்டுப் பாக்கணும், மரத்துப்போற ஊசி போட்ட காலுன்னா சூடு தெரியாம வெந்துரும். அப்புறம் முள்ளு உள்ள முறிஞ்சு கிடக்கான்னு எக்ஸ்ரே, டி.டி., புண்ணை உடனே இறுக்கித் தச்சிரக்கூடாது. நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தியிருந்தா முள்ளைப் புடுங்கவே கூடாது.

கடல் பாம்பு அதை விட மோசம். வலையைப் பிரிக்கும்போது கையில கடிச்சிரும், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், சில மணி நேரம் கழிச்சு உடம்பெல்லாம் சதை வலிக்கும், தாடை இறுகும், ஒண்ணுக்கு கட்டங்காப்பி நிறத்துல போகும். நம்மகிட்ட இருக்கிற ஏ.எஸ்.வி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு தரைப் பாம்புக்குத்தான், கடல் பாம்புக்கு அது கேக்காது. மருந்து இருக்கேன்னு குப்பி குப்பியா ஏத்திக்கிட்டு உக்காந்திருக்காம மூச்சையும் கிட்னியையும் பொட்டாசியத்தையும் பாத்து சீக்கிரம் டயாலிசிஸ் இருக்கிற இடத்துக்கு அனுப்பணும். இதைச் சேலத்துப் பிள்ளைக்கு யாரு சொல்லுவா? கடல் பாசி எடுக்கப் போயி பாறையில கால் கிழிச்சிக்கிட்ட அக்காமாரு துணியைச் சுத்திக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு வருவாங்க, சுகரோ ஈரல் நோயோ இருந்து அந்தப் புண்ணு ராத்திரிக்குள்ள கறுத்து மேல ஏறுனா அது சாதாரணப் புண்ணு இல்ல, உடனே சர்ஜனைக் கூப்பிடணும். தனுஷ்கோடி பக்கம் குளிக்க எறங்கி மூழ்கினவங்களைத் தூக்கிட்டு வரும்போது தண்ணியை எடுக்கிறேன்னு வயித்தை அமுக்குற ஜனங்களை விலக்கிட்டு முதல்ல மூச்சைக் குடுக்கணும். இதெல்லாம் இந்த மண்ணுக்கான பாடம், இங்க டியூட்டிக்கு வந்த முதல் வாரத்துலயே சொல்லிரணும்.

இன்னொண்ணு யாருமே சொல்லிக்குடுக்கிறது இல்ல, சாவுச் சேதி சொல்றது. கடல்லேர்ந்து ஒருத்தரைக் கொண்டாந்திருப்பாங்க, வர்றப்பவே உசுரு இருக்காது. பின்னாடியே ஊரே வண்டி புடிச்சு வந்து நிக்கும். சீனியர் உள்ள வேற கேஸ்ல இருப்பாரு, போய்ச் சொல்லிட்டு வான்னு இருபத்தி மூணு வயசுப் பொண்ணை அனுப்புவாங்க. அது வராண்டாவுல நின்னுக்கிட்டே, நாங்க முயற்சி பண்ணோம், கண்டிஷன் சரியில்லன்னு இழுக்கும். வீட்டுக்காரங்களுக்கு உசுரு இருக்கா இல்லையான்னே புரியாது, அப்புறம் புரியும்போது ஏமாத்திட்டாங்கன்னு கோவம் அந்தப் பொண்ணு மேலதான் பாயும். நல்லா சொல்லத் தெரிஞ்ச ஒரு சீனியர் என்ன பண்ணுவாருன்னா ஜூனியரையும் நர்சையும் கூட்டிக்கிட்டு தனியா ஒரு ரூம்ல வீட்டு ஆளுங்க ரெண்டு மூணு பேரை உக்கார வச்சு, தானும் உக்காந்து, பேரைச் சொல்லி, இறந்துட்டாருங்கம்மான்னு தெளிவா சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருப்பாரு. அவங்க அழுது முடிச்சு கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாரு. இதை ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பாத்த பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. சின்னப் பையன் கேள்வி கேட்டுட்டுப் போனான், அப்புறம் இன்னொருத்தர் வந்து அதையே கேக்குறாரு, எத்தனை பேர்தான் கேப்பீகன்னு சத்தம் போடாதீங்க. ரெண்டு பேரு பாக்குறது உங்களுக்கு நல்லது. முதல்ல பாத்தவர் விட்டதை ரெண்டாவது ஆளு புடிப்பாரு. கேக்கணும்னா, தம்பி உங்க சீனியர் யாரு, அவங்க வந்து பாப்பாங்களான்னு கேளுங்க, அது உங்க உரிமை, கேக்குற அந்தப் பிள்ளைக்கும் உதவிதான். கை ஓங்குறது மட்டும் வேணாம். ஆஸ்பத்திரியில டாக்டர், நர்ஸ் மேல கை வச்சா தண்டிக்க 2008-லயே 48-ஆம் நம்பர் சட்டம் இருக்கு, சுவத்துல போர்டு மாட்டியிருக்காங்க. ஆனா நான் சட்டத்துக்காகச் சொல்லல, ஒரு தடவை அடி வாங்குன பிள்ளை அடுத்த கேஸை எடுத்து வைத்தியம் பாக்காம மதுரைக்கு ரெஃபர்னு எழுதித் தள்ளிவிடத்தான் பாக்கும், அந்த 170 கிலோமீட்டர் நம்ம தலையிலதான் விடியும்.

அரசாங்கத்துகிட்ட நான் கேக்குறது இதுதான். 2022 ஜனவரியில ஒரே நாள்ல 11 மெடிக்கல் காலேஜ் திறந்தாங்க, அதுல ராமநாதபுரமும் ஒண்ணு, எங்க ஜில்லாவுக்கு எவ்வளவு நாள் கனவு அது. அங்க படிக்கிற பிள்ளைங்களும் படிப்பு முடிச்சு ஹவுஸ் சர்ஜனா நிக்கத்தான் வேணும். அந்தப் பிள்ளைங்க நிக்கிற காஷுவால்டியில ஒவ்வொரு ஷிஃப்டுக்கும், முக்கியமா ராத்திரிக்கு, ஒரு சீனியர் டாக்டரை இந்த வேலைக்குன்னே போடுங்க. அவருக்குத் தனியா பெட் கிடையாது, ஓ.பி. கிடையாது, ஏ.ஆர். என்ட்ரி கிடையாது. ஜூனியர் பாக்குற, அவசரம்னு சிவப்பு, மஞ்சள் அடையாளம் போட்ட ஒவ்வொரு கேஸையும் கூட நின்னு பாக்குறது, நெஞ்சு வலின்னு வந்தவங்களை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஈ.சி.ஜி.யைத் தன் கண்ணால பாக்குறது, கேள்வி கேக்குறது, இதுதான் வேலை. டாக்டர் பத்தாக்குறை இருக்குன்னு சொல்வீங்க, எனக்கும் தெரியும், எல்லா ஷிஃப்டுக்கும் முடியலேன்னா ராத்திரிக்கு மட்டும் ஆரம்பிங்க. சாம்பிள் கொண்டு போக, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் போட்டு அந்த ரெண்டு வாரத்தை பிள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுங்க. வர்ற அன்னைக்கே ஒரு சீனியர் நர்ஸ் கூட அரை நாள் விட்டு, ஆம்பு பேக் எங்க இருக்கு, சக்ஷன் ஓடுதா, தொண்டைக்குள்ள டியூப் போடப் பாக்குற லாரிங்கோஸ்கோப் பல்பு எரியுதா, அட்ரினலின் எந்த டிரேயிலன்னு கையால எடுத்துப் பாக்க விடுங்க. உசுரு போற நேரத்துல டிராயரைத் தேடுற கொடுமை வேற எதுலயும் இல்ல.

கடைசியா, கடல் கேஸுக்குன்னு ஒரு நோட்டு காஷுவால்டி டேபிள்ல வைக்கணும். திருக்கை, கெளுத்தி முள்ளு, சொறி (ஜெல்லி மீன்) பட்டது, கடல் பாம்பு, முங்கினவங்க, வலை இழுக்குற வின்ச்சுல விரல் மாட்டுனதுன்னு இங்க வர்ற கேஸ் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம், தமிழ்லயே. பாத்த டாக்டருங்க எழுதணும், மீனவர் சங்கத்துப் பெரியவங்களையும் பாசி எடுக்குற அக்காமாரையும் கூப்பிட்டுக் கேட்டுச் சேக்கணும், சீனியர் டாக்டர் ஒருத்தர் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மீனவங்க கரையில இருப்பாங்க, உக்காந்து பேச அதுதான் நல்ல நேரம். எனக்குத் தெரிஞ்சதை எழுதிக்குடுக்க நானும் வர்றேன், எந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும் சரி, பஸ் காசு கூடத் தர வேணாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தங்கச்சிமடம்.